நான்காவது மஞ்சள் ஒயர்

மெஷின் மறுபடியும் நின்றது. அன்று காலையிலிருந்து அது ஒன்பதாவது தடவை. தம்பி எண்ணிக்கொண்டே வந்தான். அக்காவின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் உரக்க எண்ணினான்.

"ஒம்போது" என்றான்.

அக்கா மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வாயில் டார்ச்சைக் கவ்வியிருந்ததால் திட்ட முடியவில்லை. திட்ட முடியாமல் போனதே அவளுக்குப் பாதி எரிச்சல். மீதிப் பாதி, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஊர் உலகமே கால் நீட்டிப் படுத்திருக்கும்போது தான் மட்டும் தம்பி வீட்டு ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருப்பது.

மூன்று மாதமாக இதே கதை. தம்பி போர்டு செய்கிறவன். கடைப் பலகை, வாசல் பெயர்ப்பலகை, ஆபீஸ் கதவில் ஒட்டும் எழுத்து என்று எல்லாம் செய்வான். கையால் வெட்டி வெட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டதால், கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே நகர்ந்து வெட்டும் மில்லிங் மெஷின் ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று இறங்கினான். பழைய பிரிண்டரிலிருந்து மோட்டார், யாரோ கழித்துப் போட்ட ஜன்னலிலிருந்து அலுமினியச் சட்டம், ராத்திரி பகலாக வீடியோ பார்த்துச் சேர்த்த அறிவு. கார் இல்லாத வீட்டின் கார் ஷெட்டில் அது ஒரு கட்டில் அளவுக்கு வளர்ந்து நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகவே இருந்தது. தம்பி எதைச் செய்தாலும் அழகாகத்தான் செய்வான். அவன் அலமாரியில் ஸ்க்ரூகூட உயர வரிசையில்தான் நிற்கும்.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது வெட்டுந்தலை எல்லை தெரியாமல் ஓடிப்போய்ச் சட்டத்தில் முட்டி, மோட்டார் கதறி, பெல்ட் அறுந்து பறந்து, தம்பி பெண்டாட்டியின் காதோரம் போய்ச் சுவரில் அடித்தது. அவள் நர்ஸ். ரத்தத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனாலும் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில அடுத்தவங்க கைய தெச்சுத் தெச்சே என் கை சலிச்சுப்போச்சு. வீட்டுலயும் வந்து உங்க கைய தைக்க என்னால ஆகாது. அண்ணி வந்து சேஃப்டி ஸ்விட்ச் போட்டாத்தான் இது ஓடணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுடுவேன்."

அண்ணி என்றால் அக்காதான். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்தால் அங்கே பெட்டி நிற்கிறதா, வெறும் குழி நிற்கிறதா என்பது அவள் மாட்டும் ஸ்விட்சில் இருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பொம்மை மெஷின் எம்மாத்திரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

லிஃப்டில் செய்கிற மாதிரியே செய்தாள். மெஷினின் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு ஸ்விட்ச், முன்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டன். எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்து, சங்கிலியின் இரண்டு முனையையும் கன்ட்ரோல் பெட்டிக்குள் கொண்டுபோய் மாட்டினாள். சங்கிலியில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். தலை எல்லையைத் தொட்டாலும், யாராவது சிவப்பை அழுத்தினாலும், ஏன், எலி ஒயரைக் கடித்தாலும், சங்கிலி அறும். அறுந்தால் மெஷின் நிற்கும்.

நின்றது. எல்லையைத் தொடாமலே நின்றது. யாரும் அழுத்தாமலே நின்றது. ஒரு எழுத்தின் பாதி வளைவில், ஒரு பலகையின் கடைசி வரியில், சொல்லிவைத்தாற்போல் நின்றது. அக்கா வந்து ஒயர்க்கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், டாக்டரைக் கண்டதும் போய்விட்ட பல்வலி மாதிரி, நல்ல பிள்ளையாக ஓடியது. அந்த வாரம் முடிவதற்குள் தம்பி போன் பண்ணுவான்: "நின்னுடுச்சு."

"மனுஷங்கள ஏத்திக்கிட்டுப் போற லிஃப்டுக்கே நீதான் ஸ்விட்ச் மாட்றியா?" என்று போன வாரம் கேட்டிருந்தான். விளையாட்டாகத்தான் கேட்டான். அவளுக்கு வயிற்றெரிச்சலில் தூக்கம் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் இரண்டிலொன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தாள். டார்ச்சைத் துப்பிவிட்டு எழுந்து, ஒயர்க்கட்டின் மேல் கத்தரியை வைத்தாள்.

"அக்கா, அக்கா! அத மட்டும் அவுக்காத. நாலு நாள் ஒக்காந்து கட்டியிருக்கேன், பாரு. விரல் அளவு இடைவெளிக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு தடவயும் நீ பிச்சுப் போட்டுட்டுப் போயிடுற, நான்தான் திரும்பக் கட்டுறேன்."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, ஒழியட்டும் என்று கத்தரியை வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு மஞ்சள் ஒயரை எடுத்தாள்.

லிஃப்ட்காரர்களின் அந்த மஞ்சள் ஒயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோளாறு சங்கிலியிலா வேறு இடத்திலா என்று கண்டுபிடிக்க, சங்கிலியின் இரண்டு முனையையும் ஒரு ஒயரால் நேராக இணைத்துப் பார்ப்பார்கள். அது மாட்டியிருக்கும் வரை எந்த ஸ்விட்ச்சும் ஸ்விட்ச் இல்லை. கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். மறந்துவிட்டுப் போனால் ஆள் காலி. அதனால்தான் அந்த ஒயர் கண்ணைக் குத்துகிற மஞ்சளில், வேண்டுமென்றே இரண்டு கை நீளத்துக்கு இருக்கும். பெட்டிக்கு வெளியே தொங்கி மூடியை மூடவிடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்துத்தான் பையை மூட வேண்டும். அக்காவிடம் நான்கு இருந்தன. அன்று எடுத்தது நான்காம் நம்பர்.

மாட்டினாள். மெஷின் அரைமணி நேரம் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது.

"பாத்தியா, கோளாறு சங்கிலியிலதான்" என்றாள். இடது கோடி ஸ்விட்ச் மேல் அவளுக்கு முதலிலிருந்தே ஒரு கண். அதைக் கழற்றிப் புதுசு போட்டாள். இனி மஞ்சளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே நான்கு பேர், அதில் ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறதாம். அக்கா பையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். வேலை இடமாக இருந்தால் எண்ணியிருப்பாள். இது தம்பி வீடுதானே.

திங்கட்கிழமை தம்பி போன் பண்ணினான். "அக்கா, இன்னிக்கு ஒரு தடவகூட நிக்கல!"

செவ்வாய்க்கிழமையும் பண்ணினான். "நிக்கவே இல்ல. நீ பெரிய ஆளுதான், போ."

புதன்கிழமை நர்ஸம்மாவே பேசினாள். "அண்ணி, மூணு மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் இவர் சாப்பிடும்போது சிரிச்சார்."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இடது கோடி ஸ்விட்ச்தான் வில்லன், நான் அப்போதே நினைத்தேன் என்று, கூட வேலை பார்க்கிறவனிடம் இரண்டு நாள் அளந்தாள். அவனுக்கு நிதானம் என்று பேர் வைத்திருந்தார்கள். வேன் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து வைத்த பேர். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை என்ன செய்யும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்காரும்.

அந்த வாரம் முழுக்க ஒரே கட்டடத்தில் கம்பிவடம் மாற்றுகிற வேலை. ஸ்பேனரும் கிரீசும்தான். கரண்ட் வேலைப் பை வேனில் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அதைத் திறக்க வேண்டி வந்தது. மொட்டைமாடி லிஃப்ட் மெஷின் அறையில், பழக்கத்தில், திறந்ததும் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். மறுபடி எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் மூன்று நான்காகப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கண்முன்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் திங்கள், செவ்வாய், புதன் என்று தம்பியின் குரலும் வரிசையாக வந்தது. நிக்கல. நிக்கவே இல்ல. எப்படி நிற்கும்? சிவப்புப் பட்டனை உடைத்து எடுத்தாலும் நிற்காது. ஐந்து நாளாக அந்த மெஷினுக்குப் பிரேக்கே கிடையாது. பிரேக்கைப் பிடுங்கிவிட்டு வந்து, வண்டி என்னமாய் ஓடுகிறது பார் என்று ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்போது காதை மூடிக்கொள்ளச் சொல்லி, அந்தக் காதுமூடியை வாங்கிக்கொடுத்ததும் அவள்தான். நர்ஸம்மாவுக்குப் போட்டாள். டியூட்டியில் போன் அணைந்திருக்கும். பத்து தடவை போட்டாள், பதினோராவது தடவை போனைத் தரையில் வீசப் பார்த்து, அடக்கிக்கொண்டு, கொட்டியதையெல்லாம் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

"நிதானம், வண்டிய எடு. தம்பி வீட்டுக்கு."

"சீட் பெல்ட்" என்றான் நிதானம்.

அன்று அவன் ஓட்டிய ஓட்டத்தை அவள் சாகும்வரை மன்னிக்க மாட்டாள். மஞ்சள் விளக்குக்கே நின்றான். தெருவைக் கடக்கத் தெரியாமல் நின்ற ஒரு நாய்க்காக நின்று, அது யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"என்னக்கா அவசரம்? யாருக்கு என்ன?"

"இன்னும் ஒண்ணுமில்ல. ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான் போறேன். மிதிடா!"

மிதித்தான், முப்பத்தைந்து வரைக்கும்.

ஷெட்டின் பின்கதவு வழியே உள்ளே பாய்ந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி காதுமூடியோடு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். இரண்டு கையும் இருந்தன. முதலில் அவள் பார்த்தது அதைத்தான். கதவுக்குப் பக்கத்திலேயே மெயின் ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வைத்ததும் அவள்தான், அந்த ஒரு புண்ணியம் மிச்சம். ஓங்கித் தட்டினாள்.

வெட்டுந்தலை ஊளையிட்டு அடங்கியது. அடங்கும்போது பலகையில் ஒரு கோணல் கோடு இழுத்துவிட்டு அடங்கியது. ஆஸ்பத்திரி வாசலுக்கான பெரிய வழிகாட்டிப் பலகை, ஆறு மணி நேரம் வெட்டியது. இன்னும் இரண்டே வரி இருந்தது.

தம்பி காதுமூடியைக் கழற்றினான். "உனக்கென்ன பைத்தியமா? அஞ்சு நாளா ஒழுங்கா ஓடுற மெஷின வந்து நிறுத்துறியே! மூணு மாசம் அது நிறுத்திச்சு, இப்ப நீயா?"

அக்கா அவனைத் தாண்டிப் போனாள். கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தாள். மூடி மூடியிருந்தது. நாலு மூலையிலும் ஸ்க்ரூ. மஞ்சள் எங்கும் தொங்கவில்லை.

"அந்த மஞ்சள் ஒயர் எங்க?"

"எந்த... ஓ, அதுவா? நீதான் போட்டுட்டுத் தொங்க விட்டுட்டுப் போயிட்ட. மூடி மூடல, தூசி போகுது, பாக்கவும் அசிங்கமா இருந்துச்சு. உள்ள சுருட்டிக் கட்டி வெச்சேன்."

ஸ்க்ரூவைக் கழற்றினாள். கட்டித்தான் வைத்திருந்தான். இரண்டு கை நீள மஞ்சளை எட்டு வளையமாகச் சுற்றி, மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு, பூ மாதிரி வைத்திருந்தான். மறக்கக் கூடாது என்று அவள் தொழில் கண்டுபிடித்து வைத்திருந்த அசிங்கம் அது. அதை அவன் அழகாக்கிவிட்டான். இப்படி ஒரு ஆபத்தை அந்த ஒயரைக் கண்டுபிடித்தவன்கூட யோசித்திருக்க மாட்டான். மஞ்சள் என்றால் ஆபத்து என்று உலகத்துக்கே தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மெயின போடுறேன். தலைய மேல தூக்கி வெச்சு, வெறுமனே சுத்த விடு" என்றாள்.

சுற்றவிட்டான்.

"இப்ப சிவப்ப அழுத்து."

அழுத்தினான். பட்டன் 'டக்' என்று பணிவாக உள்ளே போனது. மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி பட்டனைத் திருகி வெளியே எடுத்து மறுபடி அழுத்தினான். டக். சுற்றியது. மூன்றாம் தடவை உள்ளங்கையால் குத்தினான். சுற்றியது. அவள் மெயினை அணைத்தாள்.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இந்த வாரம் நீ சிவப்ப அழுத்தவே இல்லியா?"

"எதுக்கு அழுத்தணும்? அதான் தொந்தரவே இல்லியே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். முகம் மாறியது. "இன்னிக்குக் காலைல அவ அழுத்தினா."

"யாரு?"

"டியூட்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி டீ கொண்டு வந்தா. பிளாஸ்டிக் தூள் வெட்டுந்தலையில சிக்கியிருந்துச்சு. நான் அப்பத்தான் வெட்டுற பிட்ட மாத்திட்டு நின்னேன், மெஷின், ஓடல. இருந்தும் சிவப்ப அழுத்திட்டுத்தான் கைய உள்ள விட்டா. ரெண்டு விரலால பிட்டுக்கிட்ட இருந்து நோண்டி எடுத்தா. எனக்கு அவசரம். சிவப்பு அழுந்தியிருக்கே, ஸ்டார்ட்டத் தட்டினாலும் ஓடாது, தட்டி வெப்போம், அவ எடுத்ததும் பட்டன விட்டுக்கலாம்னு கைய நீட்டினேன்."

"நீட்டி?"

"கைல டம்ளர் இருந்துச்சு" என்றான். "எங்க வெக்கிறதுன்னு பாத்தேன். மேசை மேல வெச்சா வட்டம் விழும்னு துணி தேடினேன். அதுக்குள்ள அவ கைய எடுத்துட்டா."

அக்காவுக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. அவனையா, தன்னையா, அந்த மெஷினையா என்று தெரியாமல், கத்தரியை எடுத்து அவனுடைய அழகான ஒயர்க்கட்டை வெட்ட ஆரம்பித்தாள். இரண்டு முடிச்சு வெட்டியதும் கை நின்றது.

வெட்டுந்தலை மோட்டாருக்குப் போகிற தடித்த ஒயரும், சங்கிலியின் மெல்லிய ஒயரும், தலையிலிருந்து பெட்டி வரைக்கும் பின்னல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடின. லிஃப்டில் சங்கிலியில் ஓடுவது நூற்றுச் சொச்சம் வோல்ட், அதை யாரும் பயமுறுத்த முடியாது. இங்கே ஓடுவது வெறும் ஐந்து. பக்கத்தில் அந்த மோட்டார் ஒயர்த் தடியன் ஒரு தும்மல் போட்டால், அந்த மின் இரைச்சலில் சங்கிலி அறுந்ததாகவே பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஞாயிறும் அவள் பார்ப்பதற்காகப் பிரித்தாள், ஓடியது. அவன் அழகுக்காகக் கட்டினான், நின்றது. மூன்று மாதம்! எந்த ஸ்விட்சிலும் எந்தக் கோளாறும் இருந்ததே இல்லை.

"இதுதான்டா" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அழுகைதான் வந்தது.

அப்போது ஷெட் கதவு திறந்தது. நர்ஸம்மா டியூட்டி முடிந்து, தோளில் பையோடு வந்தாள். "அண்ணி! எப்ப வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே மெஷின் அருகில் வந்தவள், பலகையைப் பார்த்தாள். "ஐயோ, என்ன இது கோணலா? தூள் சிக்கிடுச்சா?" என்று இடது கையால் சிவப்பை அழுத்தினாள். டக். வலது கை வெட்டுந்தலைக்கு அடியில் போனது.

"எடு கைய!" என்று அக்காவும் தம்பியும் ஒன்றாகக் கத்தினார்கள். மெயின் அணைந்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் கத்தினார்கள்.

அவள் திடுக்கிட்டாள். கையை எடுக்கவில்லை. "என்ன ரெண்டு பேரும் அலர்றீங்க? சிவப்ப அழுத்திட்டுத்தானே வெக்கிறேன். அண்ணி போட்ட ஸ்விட்ச், எனக்கென்ன பயம்?"

தம்பி முந்திக்கொண்டான். "தப்பு என்னோடதுதான், நான்தான் மூடிய..."

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. பெட்டிக்குள் இன்னும் மாட்டியிருந்த மஞ்சள் சுருளை நர்ஸம்மா பார்க்க வெளியே இழுத்துக் காட்டினாள். "ஞாயித்துக்கிழமை இத நான் மாட்டினேன்மா. கழட்ட மறந்துட்டேன். இது இருந்தா சிவப்பு வேலை செய்யாது. அஞ்சு நாளா வேலை செய்யல."

நர்ஸம்மா கையை வெளியே எடுத்தாள். ஐந்து விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"காலைலயுமா?"

"காலைலயும்தான்."

கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "இப்ப அழுத்தினா நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"அப்ப நிக்க வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அக்கா மஞ்சளைக் கழற்றிப் பைக்குள் வைத்து, நான்கு என்று எண்ணினாள். தம்பி யாரும் சொல்லாமலே கத்தரியை வாங்கி, தான் போட்ட முடிச்சுகளைத் தானே ஒவ்வொன்றாக வெட்டினான். சங்கிலி ஒயர்களை ஒரு சுவரோரமும் மோட்டார் ஒயரை எதிர்ச் சுவரோரமும் இழுத்தார்கள். பார்க்க அலங்கோலமாகத்தான் இருந்தது. சிவப்புக்கு மட்டும் தனியாக ஒரு வழி போட்டாள். இனி அது போர்டைக் கெஞ்ச வேண்டாம், அழுத்தினால் மோட்டாருக்குப் போகிற கரண்ட்டே போய்விடும். வெளியே நிதானம் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

ஒரு மணி நேரம் மெஷின் தானாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்புறம் அக்கா சொன்னாள், "அழுத்து."

அழுத்தினான். நின்றது. "ஒண்ணு" என்றான்.

"மறுபடி."

"ரெண்டு."

ஒவ்வொரு தடவையும் தலை சுற்றி வேகம் பிடித்த பிறகுதான் அழுத்தச் சொன்னாள். தம்பி சலித்துக்கொள்ளவில்லை. ஒன்பது வந்தபோது நர்ஸம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"நகருங்க" என்று சொல்லிக்கொண்டு வந்து, தானே அழுத்தினாள். டக்.

மெஷின் நின்றது. தலைக்கு அடியில் ஒரு சின்னத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பக் குச்சி ஒன்றை உடைத்து எடுத்து, கையை எட்டவே வைத்துக்கொண்டு அதைத் தட்டிவிட்டாள்.